ஹாரிஸ் தீவில் கல்யாண ஜவுளி

ஓர் ஆண்பிள்ளைக்குப் பாவாடை தைக்கத் துணி எடுப்பதற்காக, ரயிலும் பஸ்ஸும் கப்பலுமாக ஏறக்குறைய 300 மைல் பிரயாணம் செய்தேன் என்றால் நேயர்கள் சிரிக்கக்கூடும். பாவாடை என்று நான் சொன்னது என் ஸ்காத்லாந்து நண்பரின் காதில் விழுந்தால் அவர் சிரிக்கமாட்டார். ஆகையால் அந்த வார்த்தையை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

அந்த உடைக்குக் கில்ட் என்று பெயர். இடுப்பிலிருந்து முழங்காலின் நடுப்பாகம் வரையில் வருவது. முன்புறத்தில் இரண்டு தட்டையான மடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். பின்புறம் முழுவதும் கொசுவம். நம் பெண்டிர் புடவையில் முன்னால் வைக்கும் கொசுவத்தைப் பின்னால் கொண்டுபோய், நிரந்தரமாகத் தைத்து, பக்கவாட்டில் தோல்வாரும் பக்கிளும் பொருத்திவிட்டால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும்.

என் நண்பர் கிளாஸ்கோ நகரவாசி. கப்பல் எஞ்சினியராக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே புதல்வனுக்குச் செப்டம்பர் மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தத் தேசத்து மாப்பிள்ளைகள் பலர் கில்ட் உடுத்துத்தான் மணமேடைக்கு வருவார்கள். கடையில் தயாராகத் தைத்து வைத்ததை வாங்கலாம். ஒரு நாள் வாடகைக்கும் எடுக்கலாம். என் நண்பருக்கு இரண்டும் சம்மதமில்லை. மகனுக்கு அளவெடுத்துத் தைத்ததுதான் வேண்டும் என்றார். அதுவும் எல்லோரும் உடுத்தும் கட்டம் போட்ட 'டார்ட்டன்' துணியில் அல்ல, ஹாரிஸ் ட்வீட் என்னும் கைத்தறிக் கம்பளியில் வேண்டும் என்றார்.

"நீங்கள் சேலத்துக்காரர். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர். துணியைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல இன்னொரு கை வேண்டும், கூட வாருங்கள்" என்று என்னையும் அழைத்தார். சேலத்தில் பிறந்தவனெல்லாம் ஜவுளி நிபுணன் என்று எண்ணும் ஒரு மனிதர் வடகடலோரத்தில் இருப்பது எனக்குப் பெருமையாகவே இருந்தது. உண்மையைச் சொல்லி அவருடைய நல்லெண்ணத்தைக் கெடுக்க நான் விரும்பவில்லை.

முதலில் எடின்பரோ நகரத்துக்குப் போனோம். அங்கே ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் கில்ட் தைக்கும் ஓர் அம்மாள் இருந்தார். துணி எடுப்பதற்கு முன்னால் தையற்காரரிடம் போவானேன் என்று கேட்பீர்கள். கில்ட் விஷயத்தில் அதுதான் முறை. எந்தத் துணி கொசுவத்துக்கு அடங்கும், எது அடங்காது என்பது நெசவு செய்கிறவரைவிடத் தைக்கிறவருக்கே நன்றாகத் தெரியும்.

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்து, "உங்கள் குடும்பத்துக்கு ஒரு டார்ட்டன் இருக்குமே! அதை விட்டுவிட்டு ட்வீட் எதற்கு?" என்று கேட்டார். நண்பர் இதற்கென்றே காத்திருந்தவர்போல் தம் தேசத்துச் சரித்திரத்தை ஆரம்பித்தார். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1746-ஆம் வருஷம் ஏப்ரல் 16-ந் தேதி, கல்லோடன் என்னும் வெளியில் வடக்கு மலைநாட்டார் பிரிட்டிஷ் அரசாங்கப் படையிடம் தோற்றுப் போனார்கள். அதே வருஷத்தில் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. மலைநாட்டு உடையை ஆண்பிள்ளை யாரும் தரிக்கக்கூடாது. தரித்தால் முதல் தடவை ஆறு மாதம் சிறை, இரண்டாம் தடவை ஏழு வருஷம் கடல் கடந்த தீவாந்தரம். ஒரே ஒரு விலக்கு உண்டு. அரசனுடைய பட்டாளத்தில் சேர்ந்து சண்டை போடுகிறவன் மட்டும் தாராளமாகக் கில்ட் உடுத்தலாம்! ஒரு ஜனங்களின் துணியைப் பறித்து, தனக்கு ஊழியம் செய்தால் திருப்பித் தருகிறேன் என்று சொல்லும் சாமர்த்தியத்தை நாமும் அறியாதவர்கள் அல்ல. 36 வருஷம் அமலில் இருந்த அந்தச் சட்டம் 1782-இல் ரத்தாயிற்று. பிறகு நாற்பது வருஷம் கழித்து, 1822-இல், நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு விஜயம் செய்தார். ஸர் வால்ட்டர் ஸ்காட் என்னும் நாவலாசிரியர் அந்த வைபவத்தை நடத்திவைத்தார். தடை செய்த அரச வம்சத்தின் வாரிசே பருத்த சரீரத்தில் கில்ட் அணிந்து, குளிருக்கோ கூச்சத்துக்கோ, தோல் நிறத்தில் காலுறையும் மாட்டிக்கொண்டு காட்சியளித்தார். அன்று முதல் கில்ட் நாகரிகமாகிவிட்டது. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம் என்று ஜவுளிக்காரர்கள் மாதிரிப் புத்தகம் போட்டார்கள். 1842-இல் பழைய சுவடியிலிருந்து எடுத்தது என்று ஒரு பெரிய டார்ட்டன் நூலே வெளிவந்தது. அந்தச் சுவடி வெறும் கற்பனை என்பது பின்னால் வெளியாயிற்று.

"ஆகையால் எங்கள் குலக் கட்டம் என்று கடையில் காட்டுவது, எங்கள் குலத்தார் யாரும் கண்ணால் பாராதது" என்று நண்பர் முடித்தார்.

அம்மாள் இதற்கெல்லாம் அசைகிறவராகத் தோன்றவில்லை. "இருக்கட்டும். ஒரு பொய்யை இருநூறு வருஷம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் உடுத்தினால் அது மெய்யாகிவிடாதா?" என்றார். எனக்கு என்னவோ அந்த அம்மாள் கட்சியில்தான் அதிக நியாயம் இருப்பதாகப் பட்டது. ஆனாலும், கட்டம் இல்லாத கில்ட் புதுமையல்ல என்று அவரே ஒப்புக்கொண்டார். 1859-இல் லண்டனில் திரட்டிய ஸ்காத்லாந்துத் தொண்டர் படைக்கு, எந்தக் குலத்தாருக்கும் மனஸ்தாபம் வரக்கூடாது என்று கட்டமே இல்லாத சாம்பல் நிறக் கம்பளியில் கில்ட் கொடுத்தார்களாம்.

"உங்களுக்கு ட்வீட்தான் வேண்டுமென்றால் தைத்துத் தருகிறேன். ஆனால் நான் சொல்கிறபடி துணி கொண்டு வரவேண்டும்" என்று சொல்லி, அம்மாள் இரண்டு நூல்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

ஒன்று டார்ட்டன் நூல். நீண்ட ரோமமாகப் பொறுக்கி, சீப்பினால் சீவி, இழைகளை ஒரே திசையில் படுக்கவைத்து இறுக முறுக்கியது. பட்டுக் கயிறுபோல் வழவழப்பாக இருந்தது. மற்றது ட்வீட் நூல். நீளமும் குட்டையுமான ரோமங்கள் நாலா திசையிலும் பின்னிக்கிடக்க, லேசாக முறுக்கியது. அதற்குள்ளே காற்று தங்குவதால் உடம்புக்குச் சூடு; ஆனால் மடித்தால் கத்தி முனைபோல் மடிப்பு நிற்காது, உப்பிக்கொள்ளும். டார்ட்டனில் எட்டு கஜம் போட்டு இருபதுக்கு மேல் கொசுவம் வைக்கிறார்கள். ட்வீட்டில் எட்டு கஜம் போட்டால் மாப்பிள்ளை இடுப்பில் மெத்தையைக் கட்டிக்கொண்டதுபோல் ஆகிவிடும்!

"ஐந்தரை கஜம் போதும், கொசுவத்தை அகலமாக வைத்துவிடுகிறேன்" என்றார் அம்மாள். பிறகு வரிசையாக உத்தரவுகள் பிறந்தன. சாய்ந்த வரி விழும் சாதாரண நெசவாக இருக்கவேண்டும். மீன்முள் நெசவு கோட்டுக்கு அழகு. கொசுவத்திலோ ஒவ்வொரு மடிப்பிலும் முள்ளுக்கு முள் பொருத்தவேண்டி, துணியையும் தைப்பவர் பிராணனையும் வாங்கும். பெரிய கட்டமும் அப்படியே. இரட்டை அகலத் துணி வேண்டாம். பழைய தறியில் நெய்த ஒற்றை அகலமாகப் பார்க்கவேண்டும். பிள்ளைக்கு வேண்டிய உயரம் 24 அங்குலம். ஒற்றை அகலத் துணி 29 அங்குலம் இருக்கும். அதன் கரை சுத்தமாக இருந்தால் அந்தக் கரையையே கீழ்ப்புறமாக வைத்துக்கொள்ளலாம். வெட்டி மடித்துத் தைத்தால் அடிப்பாகம் தடித்துக் கொசுவம் விரிந்து நிற்கும்.

"கடைசியாக ஒரு விஷயம்" என்று சொல்லி அந்த அம்மாள் கொஞ்சம் சிரித்தார். "கில்ட்டின் கீழ்ப்பாகத்துக்கு உள்துணி கிடையாது. கம்பளி நேரே தொடையில் படும். கையால் தடவிப் பார்த்து ஏமாந்து போகாதீர்கள். முழங்கையின் உள்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள்."

எடின்பரோவிலிருந்து இன்வர்னெஸ் வரையில் ரயில். அங்கிருந்து உல்லாப்பூல் என்னும் சிறு துறைமுகத்துக்கு பஸ். பிறகு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் கப்பல். மின்ச் என்னும் அந்தக் கடல் நல்ல நாளிலேயே நம்மைத் தாலாட்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். நாங்கள் போனது நல்ல நாள் அல்ல. பிரயாணத்தைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு ஞாபகம் போதாது.

சனிக்கிழமை மாலை ஸ்டார்னோவே துறைமுகத்தை நெருங்கும்போது நண்பர் மேல்தட்டில் போய் நின்றார். நானும் தள்ளாடிக்கொண்டே போனேன். துறைமுக வாயிலுக்குச் சற்று இப்பால், கரையிலிருந்து கல்லெறி தூரத்தில், கறுத்த பாறைகள் தெரிந்தன. அவற்றைச் சுட்டிக்காட்டி அவர் சொன்ன வரலாறு இது.

முதல் உலக யுத்தம் முடிந்து, 1918-ஆம் வருஷத்தின் கடைசி இரவில், யுத்தத்திலிருந்து உயிரோடு தப்பிய மாலுமிகள் 'அயோலேர்' என்ற கப்பலில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வீடுகளில் விளக்கேற்றி, அடுப்பில் கணப்பு மூட்டி, தாய்மாரும் மனைவிமாரும் காத்திருந்தார்கள். 1919 ஜனவரி முதல் தேதி விடியுமுன் கப்பல் அந்தப் பாறைகளில் மோதிற்று. கரை கண்ணுக்கெதிரே இருக்க, 201 பேர் மாண்டார்கள். என் நண்பரின் பாட்டனாரும் அவர்களில் ஒருவர். அப்போது நண்பருடைய தகப்பனார் ஒன்பது மாதக் குழந்தை.

பாட்டி மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஹாரிஸில் தன் தாய்வீட்டுக்கு வந்து, மரத்தறியில் கம்பளி நெய்து பிள்ளையை வளர்த்தாள். அந்தப் பிள்ளை வளர்ந்து கிளாஸ்கோவில் கப்பல் கட்டும் வேலைக்குப் போனான். அவனுடைய பிள்ளை கப்பல் எஞ்சினியர். பேரனோ, இப்போது மாப்பிள்ளையாகப் போகிறவன், வடகடலில் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பலில் வேலை பார்க்கிறான். மூன்று தலைமுறையாகக் கடலை விட்டு அவர்களால் விலக முடியவில்லை.

நண்பர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தார். அதற்குள் உள்ளங்கையளவு ஒரு துண்டுக் கம்பளி. இரும்புத் துருவும் காய்ந்த சருகும் கலந்ததுபோல் ஒரு செம்பழுப்பு. "பாட்டி நெய்தது. இந்த நிறம்தான் என் பிள்ளைக்கு வேண்டும்" என்றார். டார்ட்டன் சரித்திரமெல்லாம் எடின்பரோ அம்மாளுக்காகச் சொன்னது என்பதும், மெய்யான காரணம் இந்தத் துண்டுதான் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்தத் தீவுகளில் ஞாயிறு என்றால் ஞாயிறுதான். தறி ஓடாது; துணி உலர்த்துவதுகூட அபூர்வம். உல்லாப்பூலிலிருந்து ஞாயிறன்று கப்பல் வரத் தொடங்கியதே 2009-இல்தான். அதற்கும் பலத்த ஆட்சேபம் இருந்ததாம். ஆகையால் நாங்கள் பாறைகளுக்கு எதிரே கரையில் நிறுத்தியிருக்கும் நினைவுக் கல் வரையில் நடந்து சென்று திரும்பினோம். நண்பர் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஹாரிஸுக்குப் புறப்பட்டோம். லூயிஸ், ஹாரிஸ் என்று இரண்டு தீவுகளாகச் சொல்கிறார்களே தவிர, உண்மையில் அது ஒரே தீவு. வடபாகம் சமவெளி, தென்பாகம் மலை. கிளிஷம் என்ற சிகரத்தின் தோளைச் சுற்றிச் சாலை ஏறி இறங்குகிறது. மேற்குக் கரையில் லஸ்கென்டயர் முதலிய இடங்களில் வெண்மணல் கடற்கரையும் பசும்புல் தரையும் கண்ணைப் பறிக்கின்றன. கிழக்குக் கரையிலோ கல், கல், கல்லைத் தவிர வேறில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கேயிருந்த நல்ல நிலங்களை ஆட்டுப் பண்ணையாக்குவதற்காகக் குடிகளை விரட்டினார்கள்; அவர்களில் பலர் இந்தக் கல்லுக்கிடையே வந்து குடியேறினார்கள். கடற்பாசியையும் கூடைமண்ணையும் பாறைமேல் கொட்டி, மேடு கட்டி, உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். புதைப்பதற்குப் போதிய மண் இல்லாததால் இறந்தவர்களை மலை தாண்டி மேற்குக் கரைக்குச் சுமந்து சென்றார்கள். எந்த ஆட்டுக்காக மனிதனை விரட்டினார்களோ, அந்த ஆட்டின் ரோமத்தை நெய்துதான் அந்த மனிதன் பிழைத்தான் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இந்தத் துணியை வெளியுலகத்துக்குக் காட்டியவர் ஹாரிஸுக்கு ஜமீன்தாரிணியாக இருந்த டன்மோர் சீமாட்டி. 1840-களில் அவர் தம் குடும்பத்து டார்ட்டன் கட்டத்தை இங்குள்ள கம்பளியில் நெய்து தரச் சொன்னார்; பிறகு லண்டனிலுள்ள சிநேகிதர்களுக்கெல்லாம் சிபாரிசு செய்தார். கிராக்கி உண்டானதும் போலிகளும் உண்டாயின. அதைத் தடுக்க 1909-இல் ஒரு சங்கம் ஏற்பட்டது. 1911 முதல் உண்மையான துணியில் சிலுவை பொருந்திய உருண்டை முத்திரை குத்தி வருகிறார்கள். 1993-இல் இதற்கென்று தனிச் சட்டமே பார்லிமெண்டில் நிறைவேறிற்று. புதிய ஆட்டு ரோமத்தை இந்தத் தீவுகளிலேயே சாயமிட்டு நூற்க வேண்டும். தீவுவாசி தம் சொந்த வீட்டில் கையால் நெய்யவேண்டும். சலவையும் தீவிலேயே நடக்கவேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பெயர் சொல்லக்கூடாது. நம் நாட்டிலும் 1985-இல் சில ரகங்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்கிச் சட்டம் செய்தோம். அது தறிக்குழி வரையில் எவ்வளவு தூரம் இறங்கிற்று என்பதைச் சேலத்துக்காரனாகிய நான் இந்த இடத்தில் சொல்லாமலிருப்பதே நல்லது.

நெசவாளர் வீடு ஒரு குடாவின் ஓரத்தில் இருந்தது. வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட கொட்டகை. நூறு கெஜ தூரத்திலேயே தறிச் சத்தம் கேட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று சொன்னால் மிகையல்ல. ஆனால் நம் குழித்தறியின் சத்தம்போல் நிதானமாக இல்லை. ரயில் எஞ்சின்போல் கடகடவென்று இருந்தது. யார்க்ஷயரிலுள்ள கீத்லி நகரத்தில் செய்த ஹாட்டர்ஸ்லி என்னும் இரும்புத் தறி அது. முதல் யுத்தத்துக்குப் பிறகு இந்தத் தீவுகளில் பரவியது. மின்சாரம் கிடையாது. சைக்கிள் மிதிப்பதுபோல் இரண்டு மிதிகட்டைகளை மிதித்தால் நாடா ஓடுவதும், பாவு பிரிவதும், துணி சுற்றிக்கொள்வதும் தாமே நடக்கின்றன.

நெசவாளர் எழுபது வயதைக் கடந்தவர். தாய்மொழி கேலிக், இங்கிலீஷை ஒவ்வொரு சொல்லாகத் தேர்ந்தெடுத்து மெதுவாகப் பேசினார். மில்லிலிருந்து நூல் வாங்கித் தாமே நெய்து, சலவைக்கும் முத்திரைக்கும் அனுப்பித் திரும்பப் பெற்று, தம் கொட்டகையிலேயே விற்கிறார். சுவரோரப் பலகையில் பத்துப் பதினைந்து சுருள்கள் அடுக்கியிருந்தன. நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும், தையற்கார அம்மாள் சொன்ன நிபந்தனைகளைக் கேட்டு, "விஷயம் தெரிந்தவள்" என்று மட்டும் சொன்னார்.

மீன்முள் நெசவையும் பெரிய கட்டங்களையும் அவரே ஒதுக்கினார். மிஞ்சியவை நாலு. ஒன்று கறுப்பு, அது கல்யாணத்துக்கு வேண்டாமென்று நான் சொல்லிவிட்டேன். (சகுனம் பார்க்கும் உரிமை சேலத்துக்காரனுக்கும் உண்டு.) இரண்டாவது, லவட் என்று பெயர் பெற்ற பச்சைக் கலவை. லவட் பிரபு 1840-களில் ஓர் ஏரியின் எதிர்க்கரையைப் பார்த்து, அங்குள்ள பூவும் புல்லும் சருகும் கலந்த நிறத்தில் துணி நெய்யச் சொன்னார் என்று கதை. வேட்டைக்காரன் மலையில் மறைந்திருப்பதற்கு ஏற்ற நிறம். "கல்யாணத்தில் மாப்பிள்ளை மறைந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை" என்று நண்பர் சொன்னார். அத்துடன் பச்சையும் போயிற்று.

மூன்றாவது செம்பழுப்பு. நண்பர் உறையிலிருந்த துண்டை எடுத்து அதன்மேல் வைத்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன. அம்மாள் சொன்னபடி முழங்கையில் தேய்த்துப் பார்த்தேன். சற்று உறுத்தினாலும் அரிக்கவில்லை. கரையை வெளிச்சத்தில் பிடித்தேன், நேராக இருந்தது. "இதுதான்" என்றார் நண்பர்.

நெசவாளர் அந்தத் துண்டைக் கையில் வாங்கி, ஜன்னலருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"இது குரோட்டல் சாயம்" என்றார். பாறையில் படரும் ஒருவகைப் பாசி அது. இரும்புக் கரண்டியால் சுரண்டி எடுத்து, பெரிய கொப்பரையில் ஓர் அடுக்குப் பாசி, ஓர் அடுக்கு ரோமம் என்று மாற்றி மாற்றிப் போட்டு, நாள் முழுவதும் வேகவைப்பார்களாம். செட்டிநாட்டுச் சமையலில் வாசனைக்குப் போடும் கல்பாசியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் அது. நாம் குழம்பில் போடுவதை அவர்கள் கம்பளியில் போட்டிருக்கிறார்கள்.

"பிள்ளை என்ன வேலை பார்க்கிறான்?" என்று நெசவாளர் கேட்டார்.

நண்பர் சொன்னார்.

கிழவர் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "குரோட்டல் பாறையிலிருந்து வந்தது, பாறைக்கே திரும்பிப் போகும் என்பார்கள். எங்கள் அப்பா இந்த நிறத்தில் காலுறைகூடப் போட்டுக்கொண்டு படகில் ஏறமாட்டார். கடலுக்குப் போகிறவர்கள் யாரும் உடுத்தமாட்டார்கள்" என்றார்.

நண்பரின் முகம் சிவந்துவிட்டது. "இது என் பாட்டி நெய்தது. அவள் புருஷன் மாலுமி" என்றார்.

"விற்பதற்கு நெய்திருப்பாள். தன் வீட்டு ஆண்பிள்ளைக்கு நெய்திருக்கமாட்டாள்" என்றார் கிழவர்.

கொட்டகையில் சற்று நேரம் மழைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பிறகு நண்பர் எஞ்சினியராகப் பேசத் தொடங்கினார். இந்தச் சுருளில் இருப்பது மில்லில் போட்ட ரசாயனச் சாயம். இதில் பாசியும் இல்லை, பாறையும் இல்லை. ஆகவே திரும்பிப் போவதற்கும் ஒன்றுமில்லை என்று வாதித்தார். "வாஸ்தவம். நானும் அதையெல்லாம் நம்புகிறவனல்ல. உங்கள் துணி, உங்கள் பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கிழவர் மறுபடியும் தறியில் உட்கார்ந்தார். அவர் எதிர்வாதம் செய்திருந்தால் நண்பர் பிடிவாதமாக அதையே வாங்கியிருப்பார். அவர் ஒப்புக்கொண்டதுதான் சங்கடமாகப் போயிற்று.

நண்பர் வெளியே போய்ப் பிள்ளைக்கு டெலிபோன் செய்தார். "அரிக்காமல் இருந்தால் எந்த நிறமானாலும் சரி" என்று பதில் வந்ததாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் யோசனை கேட்டால் எந்தத் தேசத்திலும் இதுதான் கிடைக்கும்.

நான் நாலாவது சுருளை விரித்தேன். தூரத்தில் பார்க்க நீலம் கலந்த சாம்பல். மழை பெய்து ஓய்ந்த கடல் நிறம். ட்வீட்டில் ஒரு விசேஷம் உண்டு. நம் ஊரில் நூலாகவோ துணியாகவோ சாயம் தோய்ப்பது வழக்கம். இங்கே நூற்பதற்கு முன்பே ரோமத்துக்குச் சாயம் ஏற்றி, பல நிறங்களைத் தானியம் கலப்பதுபோல் நிறுத்துக் கலந்து, அதன் பிறகு நூற்கிறார்கள். ஆகையால் ஒரே இழைக்குள் ஐந்தாறு நிறம் ஒளிந்துகொண்டிருக்கும். ஓரத்தில் தொங்கிய ஓர் இழையைப் பிடுங்கி, முறுக்கைப் பிரித்து நண்பரிடம் காட்டினேன். நீலம், சாம்பல், கொஞ்சம் பச்சை, பாலேட்டு வெள்ளை இருந்தன. இவற்றுக்கு நடுவே, நாலைந்து ரோமங்கள் மட்டும் அதே துருப்பிடித்த செம்பழுப்பு.

"அது கொஞ்சம் இல்லாவிட்டால் நீலம் செத்துப்போகும்" என்று கிழவர் தறியிலிருந்தபடியே சொன்னார்.

நண்பர் அந்த ரோமங்களை விரல்நுனியில் வைத்துக்கொண்டு கிழவரைப் பார்த்தார். கிழவரோ அறுந்த இழை ஒன்றை முடிபோடுவதில் மும்முரமாக இருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. நண்பர் துண்டை உறையில் போட்டு, உறையைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இதில் ஐந்தரை கஜம்" என்றார்.

கிழவர் எழுந்து வந்து மேஜையின் ஓரத்தில் பதித்திருந்த பித்தளை ஆணிகளுக்கிடையே துணியை இழுத்து அளந்தார். ஐந்தரைக்குமேல் ஒரு சாண் சேர்த்து வெட்டினார். முத்திரை விழுந்த பக்கம் வெளியே தெரியும்படி சுருட்டிக் கட்டினார். விலை அதிகம்தான். ஆனால் நண்பர் பேரம் பேசவில்லை. கிழவருடைய மனைவியார் தேநீரும், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியும் கொடுத்தார். பிள்ளைக்குப் பெண் எந்த ஊர் என்று விசாரித்தார். அபர்டீன் என்றதும், "அங்கேயும் நல்லவர்கள் இருப்பார்கள்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

புதன்கிழமை எடின்பரோ அம்மாள் சுருளை மேஜையில் உதறிப்போட்டு, துணியைக் கொசுவமாக மடித்துப் பிடித்து இடுப்புயரத்திலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தார். மடிப்பு கொஞ்சம் உப்பிற்று, ஆனால் விரியவில்லை. கரையை விரலால் ஓட்டிப் பார்த்தார்; 29 அங்குலம் சரியாக இருந்தது. "நான் நினைத்ததைவிடப் பரவாயில்லை" என்றார். அதைவிடப் பெரிய நற்சாட்சி அவரிடம் எதிர்பார்ப்பதற்கில்லை என்று நண்பர் பிற்பாடு சொன்னார்.

"பிள்ளை வெள்ளிக்கிழமை வந்து அளவு கொடுக்கட்டும். ஆறு வாரம் ஆகும். கல்யாணத்தன்று மழை பெய்து நனைந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் அடுப்பருகே உலர்த்தக்கூடாது. கொசுவத்தை நூலோட்டிக் கட்டி, காற்றில் தொங்கவிடச் சொல்லுங்கள்" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் சாக்குக்கட்டியை எடுத்துத் துணியின்மேல் முதல் கோட்டை இழுத்தார்.